கேள்வி – பதில்: அரசின் கடனும் நம் கைக்காசும்

கேள்வி: பணிக்கொடையாகக் கிடைத்த 20 இலட்சம் ரூபா இருக்கிறது. திறைசேரி உண்டியலில் போடச் சொல்கிறார் மகன். 2022இல் அரசாங்கமே கையை விரித்ததே, நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: திறைசேரி உண்டியல் என்பது அரசு நம்மிடம் வாங்கி ஓராண்டுக்குள் திருப்பித் தரும் கடன். முறி என்பது பல ஆண்டுக் கடன். 2022 ஏப்ரல் 12இல் அரசு நிறுத்தியது வெளிநாட்டுக் கடன் தவணைகளைத்தான். ரூபா உண்டியல்களுக்கு முதிர்வு நாளில் காசு வந்துகொண்டே இருந்தது. இருந்தும் அந்த ஆண்டில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. அதில் ஒரு பங்கு பணவீக்கத்துக்கு, மறு பங்கு பயத்துக்கு. நட்டம் யார் தலையில் விழும் என்று தெரியாதவரை எல்லோரும் தங்கள் தலையையே தடவிப் பார்ப்பார்கள். 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. பொதுமக்களின் ரூபா உண்டியல்களில் கைவைக்கவில்லை என்று தெரிந்ததும் வட்டி மளமளவென இறங்கியது. சுமை போனது ஊழியர் சேமலாப நிதியம் போன்றவற்றின் முறிகள் மேல். வாய் திறக்க வழியில்லாத தொழிலாளியின் காசு அது. நியாயமா என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான்.

உங்களுக்கு உண்டியல் பொருந்தும், நீண்டகால முறி வேண்டாம். காரணம் விலை. 10 வீத வட்டி தரும் 10 ஆண்டு முறியை 100 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். மறுநாளே சந்தை வட்டி 20 வீதமானால், புதிய முறிகள் இரு மடங்கு வட்டி தருவதால், அதை ஏறக்குறைய 57 ரூபாவுக்குத்தான் விற்கலாம். 10 ஆண்டும் காத்திருந்தால் நட்டமில்லை. ஆனால் நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? 91 நாள் உண்டியலில் அந்த அடி மிகச் சிறியது.

உண்டியல் ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை. அடையாள அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் கொண்டு, முதனிலை வணிகராக (ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்றவராக) உள்ள வங்கிக்குப் போங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: உண்டியல் மத்திய வங்கியின் லங்கா செக்கியூர் பதிவில் என் பெயரில் வருமா? ‘ரெப்போ’ என்றால் நீங்கள் உண்டியலை வாங்கவில்லை, அதை ஈடாக வைத்து அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

மீதியை நிலையான வைப்பில் இடுவதானால், வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: 2022இல் கொழும்பில் முதலீட்டாளர் பயந்ததற்கு என் எஞ்சினுக்கு ஏன் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை?
– மீனவர், மூதூர்

பதில்: பயந்தவர்கள் கொழும்பில் மட்டும் இல்லை, வெளிநாட்டிலும் இருந்தார்கள். இலங்கையின் டொலர் முறிகளை அவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றதால், அரசு சந்தையில் புதிதாகக் கடன் வாங்க முடியவில்லை. பழைய கடனைக் கையிருப்பு டொலரில் கட்டினார்கள். 2022 ஜனவரியில் மட்டும் ஒரே முறிக்கு 50 கோடி டொலர். எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐ எட்டியது. ஆகஸ்டில் மானியமும் போக, 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ஆனது.

கேள்வி: பங்குச் சந்தை இடையில் நிற்பது ஏன்?
– மாணவன், கிண்ணியா

பதில்: எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் (கொழும்புச் சந்தையின் 20 பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப் போக்கைக் காட்டுவது) ஒரே நாளில் 5 வீதம் விழுந்தால் வியாபாரம் 30 நிமிடம் நிறுத்தப்படும். பதற்றத்தில் விற்பவர் மூச்சுவிடத்தான். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு அந்த 30 நிமிடத்தால் பெரிய பயன் இல்லை. விலை விழுந்து, ஈடாக உள்ள பங்குகள் கடனுக்குப் போதாமல் போனால், சந்தை திறந்ததும் தரகர் அவற்றை விற்றே தீருவார்.