அப்பாவின் நோயையும் அவர் செய்த துரோகத்தையும் ஓர் ஆண் வெளிப்படையாக எழுதலாமா?

கேள்வியில் 'ஓர் ஆண்' என்று சேர்த்திருக்கிறீர்கள். 'ஆம்பளை இதையெல்லாம் வெளியே சொல்லிப் புலம்புவானா' என்று உங்கள் வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எழுதுங்கள். ஆனால் எழுதியதை முதலில் அந்த வீட்டில் உண்மையாக வேலை பார்த்தவரிடம் கொடுங்கள்.

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம். கை நடுங்குவதற்கு முன்பே அவர் கையெழுத்து சிறுத்துவிட்டது. கணக்கு நோட்டில் வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்தமாதிரி ஆகிவிடும். கண்ணாடியை மாற்றுங்கள் என்றோம். அது நோயின் அறிகுறி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. முகமும் இறுகிப்போனது, என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டைப் பொத்தான் போட அம்மாவைக்கூட விடமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். வெளியே வரும்போது சில நாள் பொத்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருக்கும். நாங்கள் கவனிக்காததுபோல இருந்துவிடுவோம்.

அப்புறம்தான் அது நடந்தது. அம்மாவுக்கென்று வைத்திருந்த சேமிப்பு மொத்தத்தையும் செல்பேசியில் சூதாடித் தீர்த்துவிட்டார். வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர்! எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பார்த்த வேறொரு மருத்துவர்தான் சொன்னார்: அப்பா இந்த நோய்க்குச் சாப்பிட்டுவந்த, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் போல வேலை செய்கிற பிரமிபெக்சோல் வகை மாத்திரைகள், சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, காம இச்சை போன்றவற்றை அடக்க முடியாமல் செய்துவிடும். அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள், ஆட்டமும் நின்றது. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.) எல்லாத் தவறையும் மாத்திரை தலையில் போடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. பணம் போனது போனதுதான், அம்மா அழுததும் அழுததுதான்.

முதல் மருத்துவர் இதுபற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் இருந்ததாம். அந்தத் தாளை யார் படிப்பதற்காக அச்சடிக்கிறார்கள்? நோயாளிக்கு வயது எழுபது, எழுத்து கடுகில் பாதி. சரி, அது வேறு கதை.

இதையெல்லாம் நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதினேன். நியாயமாக எழுதியிருக்கிறேன் என்ற நினைப்பு வேறு. மனைவியிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள். 'நாங்கள் அவரைக் குளிப்பாட்டினோம்', 'இரவில் நாங்கள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தோம்.' ஒவ்வொரு 'நாங்கள்' மேலும் ஒரு வட்டம், ஓரத்தில் 'யாரு?' எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு இடம்.

"பணம் கட்டினது, மருந்து வாங்கினது, வண்டி பிடிச்சது எல்லாம் யாராம்? அதுவும் வேலைதானே?" என்றேன்.

"அப்ப அதை எழுதுங்க" என்றாள்.

இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். பிறகு 'நாங்கள்' வந்த இடங்களையெல்லாம் திருத்தினேன். பெரும்பாலான இடங்களில் 'அவள்' என்றும் 'அம்மா' என்றும் ஆனது. 'நான்' என்று நேர்மையாகப் போட முடிந்தது ஒரே இடத்தில்தான்.

அன்று அம்மாவுக்கும் மனைவிக்கும் காய்ச்சல். வேறு வழியில்லாமல் நான் அப்பாவைக் குளிப்பாட்டினேன். முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டி, மேல் பொத்தானில் கை வைத்தேன். கண்ணை மூடியபடியே சொன்னார்: "கீழே இருந்து போடுடா. அப்பத்தான் மாறாது."