ஊர் வேலைக்கெல்லாம் ஓடுகிறார், வீட்டு வேலை மட்டும் அப்படியே கிடக்கிறது

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொட்டாரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 59 வயது. என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். அவனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறாள். எங்களுக்குக் கடன் கிடையாது. அவருக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகாவது மனுஷன் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஆனால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு கிளம்பிவிடுகிறார். சானல் தூர் வாரவில்லை, குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது, தெருவிளக்கு எரியவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணையைத் திறந்தால், கன்னிப்பூ நெல் சாகுபடிக்குக் கடைமடை வரை தண்ணீர் வந்து சேருகிறதா என்று சானல் கரையோடு நடந்தே போய்ப் பார்ப்பார். எங்களுக்கென்று ஒரு சென்ட் வயல் கிடையாது அம்மா. கிராமசபைக் கூட்டம் என்றால் முந்தின ராத்திரி தூக்கம் கிடையாது, உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் எங்கள் திண்ணைதான் ஆபீஸ். பேர் சேர்க்கப் படிவம் 6, திருத்தப் படிவம் 8 என்று வருகிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பார். நான் சாயா போட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கக்கூஸ் புறவாசலில், கிணற்றுக்கு அந்தப் பக்கம். அடுக்களையை ஒட்டி உள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று ஆரம்பித்தோம். சுவர் எழும்பி, மேலே காங்கிரீட்டும் போட்டாயிற்று. அதோடு நின்றுவிட்டது. செப்டிக் டேங்குக்குத் தோண்டின குழியைத் தகரம் போட்டு மூடி வைத்திருக்கிறது. டைல்ஸ் பெட்டிகள் திண்ணையில் அடுக்கினபடியே கிடக்கின்றன. நல்ல வெள்ளை டைல்ஸ், பளபளவென்று மினுங்கும், நானே கடைக்குப் போய் எடுத்தது. சாரலில் அட்டை ஊறிப் பிய்ந்துவிட்டது. இப்போது அதன் மேல்தான் மோர் மிளகாய் காயப் போடுகிறேன். கொத்தனார் கையாளையும் கூட்டிக்கொண்டு வந்து, இவர் இல்லாமல் திரும்பிப் போனதும் உண்டு. கேட்டால் "பாத்துக்கிடலாம்" என்பார். காசு இல்லாமல் இல்லை. பேங்கில் கிடக்கிறது.

எனக்கு ரொம்ப வலித்தது ஒன்று உண்டு. தெற்குத் தெருவில் தனியாக இருக்கிற ஒரு வயசான அம்மாவுக்குத் தூய்மை பாரதம் திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்துக்கு எழுதிப் போட்டு, பணம் வந்ததும் கூடவே நின்று கக்கூஸ் கட்டி முடித்துக் கொடுத்தவர் இவர். அந்த அம்மா என்னை எங்கே கண்டாலும் "ஒனக்க மாப்பிள தெய்வமாக்கும் மக்களே" என்று கும்பிடுகிறாள். நான் என்ன பதில் சொல்ல?

சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு இப்போது பேச்சைக் குறைத்துவிட்டேன். சோறு எடுத்து வைப்பேன், பேச மாட்டேன். அதுகூட அவருக்கு உறைக்கிறதா என்று தெரியவில்லை. நான் மாளிகை ஒன்றும் கேட்கவில்லை. ஆரம்பித்த வேலையை முடியுங்கள் என்றுதான் கேட்கிறேன். மருமகள் வந்தால் ஒரு ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை. இருட்டில் புறவாசலுக்குப் போகப் பேரனுக்குப் பயம். எனக்குப் பழகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிக்கிறதில்லை, ராத்திரி எழுந்திருக்க வேண்டாமே. போன மழைக்குக் கிணற்றுப் பக்கம் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்படித்தான். அதை அவரிடம் சொல்லவில்லை, காலில் அம்மிக்கல் தட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மகன் காதுக்குப் போனால் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்பான். அது போகட்டும். நான் சொல்ல வந்தது இவர் விஷயம்.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் ஊர் சுகாதாரத்தைப் பற்றி எழுந்து நின்று பேசினாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. ஆரம்பித்த வேலையை முடிக்கத் தெரியாத மனுஷனுக்கு ஊர்க் காரியம் எதற்கு? குடும்பம் முதலா, ஊர் முதலா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள அம்மா,

"அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அவருடைய மனுக்களையும் டைல்ஸ் பெட்டிகளையும் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி நாலைந்து வரிதான். அந்த வரிகளில் ஒரு பெண் இருட்டில் வழுக்கி விழுகிறாள், விழுந்ததை மறைக்கிறாள், அதற்குப் பிறகு தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிறாள். குடும்பம் முதலா ஊர் முதலா என்ற வழக்கை நான் விசாரிக்கப் போவதில்லை. இதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்கிறீர்கள். எதைச் சொன்னீர்கள்? வேலை பாதியில் கிடக்கிறது, மருமகள் தங்குவதில்லை, கொத்தனார் திரும்பிப் போனார். இதையெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். விழுந்ததைச் சொல்லவில்லை. பயத்தைச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதைச் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததெல்லாம், வீட்டுக்கு ஒரு வசதி பாக்கி இருக்கிறது, விருந்தாள் வந்தால் கஷ்டம் என்பதுதான். "பாத்துக்கிடலாம்" என்பது அதற்கு வந்த பதில். மனைவி விழுந்தாள் என்ற செய்திக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் செய்தி அவரிடம் போகவே இல்லை.

தெற்குத் தெரு அம்மாவுக்கு ஓடினார், எனக்கு ஓடவில்லை என்று உங்களுக்கு வலிக்கிறது. அந்த வலி நியாயமானது. ஆனால் அந்த அம்மா அவரிடம் வந்து, எனக்கு முடியவில்லை ஐயா என்று சொல்லியிருப்பாள். அந்த ஊரில் குறையை அவரிடம் மறைத்தவர் நீங்கள் ஒருவர்தான். மறைத்துவிட்டு, கண்டுகொள்ளவில்லையே என்று கோபப்படுகிறீர்கள்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கண்டக்டரின் வேலை நாள் முழுக்க மனுஷக் குரல்தான். எங்கே போகணும், எங்கே இறங்கணும், சில்லறை இருக்கா என்று ஓயாமல் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது ஒரே நாளில் நின்றுபோகிறது. அந்த இடத்தில் பல ஆண்கள் திண்ணையில் சாய்ந்து, மனைவி செய்வதில் எல்லாம் குறை கண்டுபிடித்தே காலத்தைக் கழிக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. உங்கள் வீட்டுக்காரர் மனுவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சொந்தமாக ஒரு சென்ட் வயல் இல்லாதவர் சானல் கரையில் நடக்கிறார் என்பதை நீங்கள் குறையாக எழுதினீர்கள். நான் அதை இரண்டாம் முறை மரியாதையோடு வாசித்தேன். சானலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசி வயல்தான். அதற்காகப் பேச ஆள் கிடைப்பது லேசில்லை. பங்குனி, சித்திரையில் உங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்கிறதென்றால் அதில் ஊர்க் குளத்துக்கும் பங்கு உண்டு. அவர் செய்வது வெட்டி வேலை இல்லை அம்மா.

அதற்காக அவர் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேரன் வந்து போகிற வீட்டில் செப்டிக் டேங்க் குழியை வெறும் தகரத்தால் மூடி வைத்திருப்பது பெரிய தப்பு. தெருவிளக்குக்கு மனு எழுதுகிறவர் கண்ணில் இது பட்டிருக்க வேண்டும். இதில் "பாத்துக்கிடலாம்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. இந்த வாரமே அதன் மேல் கனமான ஸ்லாப் போடச் சொல்லுங்கள், அல்லது சுற்றி அடைப்புக் கட்டச் சொல்லுங்கள். வேலையை ஏன் நிறுத்தினார் என்பதும் உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. காசு இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது. கேட்டீர்களா?

இப்போது நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்பதற்கு வருகிறேன். மகனுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டச் சொல்வான். அந்த ஒரு வரியில்தான் உங்கள் உண்மையான பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வயதில், சொந்த அடுக்களையையும் சொந்தக் கிணற்றையும் விட்டுவிட்டு மகன் வீட்டில் ஒரு அறைக்குள் ஒதுங்க வேண்டிவருமோ என்ற பயம். அதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மகன் எவ்வளவு தங்கமானவனாக இருந்தாலும் அந்தப் பயம் வரும்.

ஆனால் நீங்கள் போடுகிற கணக்கு தலைகீழாக இருக்கிறது. விழுந்ததைச் சொல்லாமல் இருந்தால் வீடு தங்கும் என்று நினைக்கிறீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. அந்தப் பாசிக் கல்லில் அடுத்த முறை விழும்போது இடுப்பு எலும்பு முறிந்தால், எங்கே இருப்பது என்று முடிவு செய்கிற உரிமையே உங்கள் கையைவிட்டுப் போய்விடும். ஆம்புலன்ஸ், ஆபரேஷன், அப்புறம் நேரே திருவனந்தபுரம். அப்போது மகனைக் குறை சொல்லவும் முடியாது. உங்களை அந்த வீட்டில் கடைசிவரை இருக்க வைக்கப் போவது அடுக்களைப் பக்கம் பாதியில் நிற்கிற அந்தப் பாத்ரூம்தான். அதை மருமகளுக்காகக் கேட்காதீர்கள், பேரனுக்காகவும் கேட்காதீர்கள். எனக்கு வேண்டும் என்று கேளுங்கள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கு வேண்டும் என்று எதையாவது கேட்டிருக்கிறீர்களா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

அப்புறம் அந்த மௌனம். பேசாமல் சோறு எடுத்து வைப்பதைப் பொறுமை என்று உங்கள் மனசு சொல்லும், நம்பாதீர்கள். குற்றம் என்னவென்று சொல்லாமலே அவருக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிராமசபையில் கை தட்டினார்கள் என்று அவர் ஓடி வந்து உங்களிடம்தானே சொன்னார்? பேசாத மனைவியிடம்கூடச் சொல்ல ஆசைப்பட்டு வந்திருக்கிறார். அந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

மனுக்காரர்கள் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் பார்த்து அவரை உட்கார வையுங்கள். "அன்றைக்குக் காலில் பட்டது அம்மிக்கல் இல்லை. கிணற்றுப் பக்கம் விழுந்தேன். ராத்திரி வெளியே போகப் பயமாக இருக்கிறது, அதனால் தண்ணீர் குடிக்கிறதில்லை." இவ்வளவு போதும். ஊருக்கெல்லாம் செய்கிறீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், தெற்குத் தெரு அம்மாவை இழுக்காதீர்கள். இழுத்தால் அவர் தன் பக்கத்தை நியாயப்படுத்தத் தொடங்குவார், நீங்கள் விழுந்த விஷயம் மறுபடியும் அடிபட்டுப் போகும். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவர் கோபப்படலாம். படட்டும், அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

மகனிடமும் நீங்களே சொல்லுங்கள், கொத்தனார் வேலையைத் திரும்பத் தொடங்கிய பிறகு. விழுந்தேன், அதற்குத்தான் உள்ளே கட்டுகிறோம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வேலை முடிகிறவரை ராத்திரிக்குக் கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கி அறைக்குள் வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிணற்றுப் பக்கத்துக் கல்லை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லி, அங்கே ஒரு விளக்கும் போடுங்கள். நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த அந்த வெள்ளை டைல்ஸைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் அது வழுக்கும், தரைக்குச் சொரசொரப்பானது வேண்டும். உட்கார்ந்து எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், கல் வரும், மலச்சிக்கல் வரும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும், அதுவே ஆளைக் கீழே தள்ளும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு முந்தின இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். அப்படியும் ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டிவந்தால் அதற்குச் சர்க்கரையோ தொற்றோ காரணமாக இருக்கலாம், ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர் என்றால், சிறுநீர் கூடுதலாகப் போக வைக்கிற மாத்திரை அதில் இருக்கிறதா, அதைக் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். விழுந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அது திங்கட்கிழமையாகவே இருந்தாலும்.