பாட்டில் என் கிடார் இருக்கிறது, என் பெயர் இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நான் வளசரவாக்கத்தில் இருக்கிறேன். இருபது வருஷத்துக்கும் மேலாக சினிமா பாட்டுகளுக்கு கிடார் வாசிக்கிறேன். 2016-ல் நான் வாசித்த ஒரு பாட்டு பெரிய ஹிட். அதன் தொடக்க கிடார் பிட்டை இன்று டிவி மேடைகளில் பிள்ளைகள் அச்சு அசலாக வாசிக்கிறார்கள். ஆனால் மொபைல் ஆப்பில் பாட்டின் கிரெடிட்டைத் திறந்தால் என் பெயர் இல்லை. ராயல்டி என்று ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. தெரிந்தவர் ஒருவர், 18,000 ரூபாய் கொடுத்தால் என் பெயரில் காப்பிரைட் பதிவு செய்து ராயல்டியும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு வாசித்தவரின் உரிமை எந்த ஆபீஸிலும் பதிவு செய்து வருவதில்லை. நீங்கள் வாசித்தபோதே அது உங்களுக்கு வந்துவிட்டது. அதன் பெயர் நிகழ்த்துநர் உரிமை, ஆயுள் 50 ஆண்டு. டெல்லியில் இருக்கும் காப்பிரைட் அலுவலகத்தில் மெட்டைப் பதியலாம், வரிகளைப் பதியலாம், ஒலிப்பதிவைப் பதியலாம். கிடார் வாசித்தவர் என்ற முறையில் நீங்கள் அங்கே பதிய வேண்டியது ஒன்றுமில்லை. இல்லாத வேலைக்குத்தான் உங்களிடம் 18,000 கேட்கிறார்கள்.

இதே ஆட்கள் அடுத்து ஒரு பவர் பத்திரத்தை நீட்டுவார்கள். அப்படி ஒன்றை ஒரு மூத்த வயலின் கலைஞர் கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் கொண்டுவந்தார். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். முதல் இரண்டு பக்கத்தில் அவரைப் பற்றிய புகழுரை மாதிரி நல்ல வார்த்தைகள். மூன்றாம் பக்கத்தின் அடியில், இனி வரும் எல்லா வருமானத்திலும் ஏஜெண்டுக்குப் பாதி, இந்த அதிகாரத்தை எக்காலத்திலும் திரும்பப் பெற முடியாது என்று இரண்டே வரி. அதிலிருந்து அவரை வெளியே கொண்டுவர வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் படிக்கத் தெரிந்தவரை உட்காரவைத்து வரி வரியாகக் கேளுங்கள்.

'ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் மெம்பர் ஆக்கிவிடுகிறேன்' என்பதும் அவர்கள் வழக்கமாகச் சொல்வது. அந்த அமைப்பு இசையமைத்தவர், பாட்டெழுதியவர், அவர்களுடைய பப்ளிஷர் ஆகியோருக்கானது. வாசித்தவருக்கு அங்கே பங்கு கிடையாது. உங்களுக்கானது இஸாம்ரா. 2013-ல் பாடகர்களுக்காகப் பதிவான அமைப்பு, பிறகு இசைக்கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முன்னின்று உருவாக்கிய சினி மியூசிஷியன்ஸ் யூனியனில் இருப்பீர்கள். பேசிய சம்பளம் நின்றுபோனால் அவர்களிடம் போங்கள். ராயல்டி வசூல் யூனியன் வேலை அல்ல.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் பணத்தைவிடப் பெரிது. 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டின் கிடாரை முணுமுணுக்காத தமிழர் குறைவு. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவின் குழுவில் எத்தனையோ பாட்டுகளைத் தூக்கி நிறுத்திய சதானந்தம், பேஸ் கிடார் வாசித்த சசிதரன், இவர்களை இசைக்காரர்களுக்குத் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. இளையராஜாவே இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிடார் வாசித்து வந்தவர்தான். பாட்டைக் காதில் நிற்கவைத்தவர்களின் பெயர் கண்ணில் படாமலே ஒரு தலைமுறை போய்விட்டது.

2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு வழி வைத்தார்கள். 38-பி பிரிவின்படி, வாசித்தவர் 'இதை வாசித்தது நான்' என்று அடையாளம் காட்டப்படக் கேட்கலாம். மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்திருந்தாலும் இது உங்களிடமே இருக்கும். ஆனால் 'நிகழ்த்துநர்' யார் என்று சொல்லும் இடத்தில் ஒரு விதிவிலக்கு ஒட்டியிருக்கிறது. பெயர் சேர்க்கக் கேட்டு ஆடியோ கம்பெனிக்கு நீங்கள் எழுதும் கடிதத்துக்குப் பதில் வந்தால் இதைத்தான் காட்டுவார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த விதிவிலக்கு சொல்வது இது: ஒரு திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு போகிற போக்கில் வந்த தற்செயலான ஒன்றாக இருந்து, அப்படிப்பட்டவர் பெயரைத் துறையின் வழக்கப்படி எங்குமே போடுவதில்லை என்றால், அவருக்குப் பெயர் கேட்கும் உரிமை இல்லை. தன் வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை மட்டும் உண்டு. கம்பெனிக்காரர்கள் இதன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். 'கிடாரிஸ்ட் பெயர் போடுவது வழக்கமில்லை, அதனால் நீங்கள் நிகழ்த்துநரே இல்லை' என்று எழுதுகிறார்கள். இத்தனை வருஷம் பெயர் போடாமல் இருந்ததையே இனியும் போடாததற்குக் காரணமாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே கேட்கிறது. வழக்கமில்லை என்பது மட்டும் போதாது, வாசித்ததும் தற்செயலானதாக இருக்க வேண்டும். கூட்டத்தில் நடந்துபோன துணை நடிகரைத் தற்செயல் என்று வாதாடலாம். உங்களை கால்ஷீட் போட்டுக் கூப்பிட்டார்கள், நோட்ஸ் கொடுத்தார்கள், சம்பளம் பேசினார்கள், பாட்டே உங்கள் பிட்டில்தான் தொடங்குகிறது. இது எப்படித் தற்செயல் ஆகும்? வழக்கமில்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஏ.ஆர். ரஹ்மான் தன் இசை ஆல்பங்களின் உறைகளில் வாசித்தவர்கள் பெயரை வாத்தியம் வாரியாக அச்சிட்டவர். அந்த உறை ஒன்று கிடைத்தால் நகல் எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள். இன்னொன்று, விதிவிலக்கில் இருக்கும் சொல் திரைப்படம். நீங்கள் பெயர் கேட்பதோ ஆப்பில் ஓடும் ஆடியோவுக்கு. அதற்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது என்பதே என் வாதம், உங்கள் கடிதத்திலும் அதை எழுதுங்கள்.

கடிதம் யாருக்கு? ஆப் கம்பெனிக்கு எழுதிப் பயனில்லை. அவர்கள் ஆடியோ லேபிள், அதாவது பாட்டை வெளியிட்ட ஆடியோ கம்பெனி, கொடுக்கும் விவரத்தைத்தான் காட்டுகிறார்கள். லேபிளுக்கு எழுதுங்கள், இசையமைப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு நகல். பாட்டின் பெயர், படம், வருஷம், ஐ.எஸ்.ஆர்.சி. எண், 'அக்கூஸ்டிக் கிடார்: இன்னார்' என்று சேர்க்க வேண்டிய வரி, இவ்வளவு போதும். ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு. அதைக் குறிப்பிட்டால் எந்தப் பதிவு என்ற குழப்பம் வராது. 'ஆமாம், இவர்தான் வாசித்தார்' என்று இசையமைப்பாளரின் மேனேஜரிடமிருந்து ஒரு வரி மெயில் வாங்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, ஆதாரம் உங்களிடமே இருக்கும். கால்ஷீட் கேட்டு வந்த வாட்ஸப், பேங்கில் விழுந்த பணம், வவுச்சர், வீட்டிலேயே வாசித்து அனுப்பியிருந்தால் அந்த ஒரிஜினல் ஃபைல். போனை மாற்றும்போது பழைய சாட் போய்விடும், இன்றைக்கே எடுத்து வையுங்கள். ரெக்கார்டிங்குக்கு ஆட்களை ஏற்பாடு செய்யும் கோஆர்டினேட்டரிடம் கேஷாக வாங்கியிருந்தால் தேதி, ஸ்டூடியோ, கூட வாசித்தவர்கள் பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.

அந்த பிட்டை நீங்களே போட்டிருக்கலாம், மியூசிக் டைரக்டர் கார்ட்ஸ் (chords, ஸ்வரக் கூட்டுகள்) மட்டும் சொல்லியிருக்கலாம். அதை இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். அது மெட்டில் பங்கு கேட்பது, தனிச் சண்டை. இரண்டையும் கலந்தால், பெயர் போடச் சம்மதிக்க இருந்தவரும் வக்கீலைக் கூப்பிடுவார்.

இனி பணம். 2012 திருத்தத்துக்கு முன் சினிமாவுக்கு வாசித்ததற்கு ராயல்டியை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் 2016 பாட்டு அதற்குப் பின் வந்தது. படத்தில் சேர்க்க எழுத்துமூலம் சம்மதித்தவர் அந்தப் படத்தில் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. ஆனால் வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டிக்கு உரியவர் என்று 38-ஏ சொல்கிறது. உரிமை உண்டு என்று எழுதினார்களே தவிர, எவ்வளவு என்று அந்தப் பிரிவில் ஒரு எண்கூட இல்லை. வாங்க வேண்டியவர் தனி ஆள், கொடுக்க வேண்டியது பெரிய கம்பெனி. இதை இப்படியே விட்டுவைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பத்து கிடாரிஸ்டுகள் தனித்தனியாக அலைவதைவிட, பதிவு பெற்ற அமைப்பில் உறுப்பினராகி, வாசித்த பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்துவைப்பதுதான் இன்று நடைமுறையில் உள்ள வழி. கோர்ட் வரை போக நேர்ந்தால், லேபிள் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். இதற்காக மும்பைக்கு அலைய வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

அடுத்த ரெக்கார்டிங்கிலிருந்து ஒன்று செய்யுங்கள். வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன், 'எல்லா உரிமையும் முழுமையாக' என்று அச்சடித்த வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் கீழே பேனாவால், 'பாட்டு வெளியாகும் எல்லா இடத்திலும் கிடார் கலைஞராக என் பெயர் குறிப்பிடப்பட வேண்டும். சட்டப்படியான ராயல்டி உரிமை என்னிடமே இருக்கும்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோஆர்டினேட்டர் முகம் சுளித்தால், இதை எழுதச் சொன்னது வக்கீல் என்று சொல்லிவிடுங்கள்.