தங்கச்சி, முதலில் வரிப்படிவத்தைப் பார்ப்போம்

யாழ்ப்பாணத்திலிருந்து நிரந்தர வதிவிட உரிமையுடன் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், இரண்டு பிள்ளைகள், கணவரின் தொழிற்சாலைச் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சமூக சேவை நிலையத்தில் போய் உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அந்த வெட்கத்தால் நான் இரண்டு வருடம் இழந்தேன்.

1996இல் வந்தேன். "உழைப்பே இல்லை, உமக்கு எதற்கு வரிப்படிவம்?" என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, வெட்கத்தில் வேறு யாரிடமும் கேட்காமல் இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவை இங்கே வரிப்படிவத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு சதம் உழைக்காவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் படிவம் அனுப்ப வேண்டும். ஒரு நிலையத்தில் தொண்டு செய்த அம்மா ஒருவர் விடுபட்ட படிவங்களை என்னோடு இருந்து நிரப்பித் தந்தார். நிலுவைப் பணம் வந்தபோதுதான் பிள்ளைகளுக்கு ஒழுங்கான குளிர் உடுப்பு வாங்கினேன். இன்றும் மார்ச், ஏப்ரலில் இந்த இலவச வரி உதவி நடக்கிறது. ஆனால் புதிதாக வந்த நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கொடுப்பனவுக்குத் தனி விண்ணப்பம் உண்டு. உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

உணவு வங்கியில் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டும் குடியமர்வு ஆலோசகர் இருக்கிறாரா என்று அங்கேயே கேளுங்கள். பை ஒரு வாரத்துக்கு. அவர் காட்டும் வழி பல வருடத்துக்கு. புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு உதவியோடு நடக்கும் லிங்க் (LINC) ஆங்கில வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் அப்படி ஒருவர்தான். வகுப்பு இலவசம், சில இடங்களில் சிறு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் எல்லாமாக இருந்தது: பிள்ளையைப் பார்க்க ஆள் கிடைத்ததால் படித்தேன், படித்ததால் முதியோர் பராமரிப்புச் சான்றிதழ் எடுத்தேன், வேலை கிடைத்தது. குடியுரிமை எடுத்தபின் லிங்க் வகுப்பில் சேர முடியாது, இப்போதே பதியுங்கள். வேலைக்குப் போகும்போது பிள்ளைப் பராமரிப்புக் கட்டணச் சலுகையையும் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம், முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.

எந்த நிலையம் அருகில் என்று தெரியாவிட்டால், சமூக சேவைகள் பற்றித் தகவல் சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். போகும்போது குடிவரவுப் பத்திரம், சமூகக் காப்புறுதி எண், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். கணவர் இரவு வேலை என்றால் காலையில் அவரை எழுப்பாதீர்கள், நீங்களே போய்வரலாம்.