மதத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுக்கலாமா? – கேள்வி பதில்

தமிழ்நாட்டில் வாடகை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர், பலரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் அம்மா. சென்னையில் வேலை பார்க்கிறேன். தொலைபேசியில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் ஒத்துவந்த மூன்று வீடுகள், என் பெயரைச் சொன்னதும் கைநழுவிப் போயின. இரண்டு பேர், ஊரிலிருந்து உறவினர் வந்து தங்கப்போவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர், முஸ்லிம்களுக்குத் தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவர்மீது வழக்குத் தொடர முடியுமா?

பதில்: ஆறுதலான பதிலைச் சொல்லவே மனம் விரும்புகிறது, ஆனால் சட்டத்தை உள்ளபடி சொல்வதே உங்களுக்கு உதவும். மதத்தின் பேரில் வீடு தர மறுக்கும் தனியார் ஒருவர்மீது வழக்குத் தொடர நேரடியான சட்டம் இங்கு இல்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், சாதி, பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று முதலில் விதிக்கும் தடை அரசுக்கானது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்துகிறது என்றாலும், கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் என்று அது எண்ணிச் சொல்லும் இடங்களுள் வாடகை வீடு இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமோ, வீடு கைக்கு வந்த பிறகே உங்களைக் காக்கிறது. யாருக்கு வீடு தர மறுக்கலாம் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மாநிலங்கள் பின்பற்றுவதற்காக 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டமும் அவ்வாறே. முஸ்லிம்கள் வீடு வாங்கவும் வாடகைக்குப் பெறவும் படும் சிரமத்தை அவர்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006இலேயே எழுதிவைத்த பிறகும் இந்த மௌனம் நீடிப்பது எனக்கு வேதனை தருகிறது.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன். வீட்டை வாடகைக்கு விடுவதும் தொழில்தானே? 15ஆம் பிரிவில் உள்ள 'கடை' என்ற சொல்லுக்குள் அது வராதா?

பதில்: வாதத்துக்கு இடம் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு சேவை தர முன்வருகிற எவரையும் அந்தச் சொல் குறிக்கும் என்ற பரந்த பொருளை அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் கொடுத்தார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. எதிர்த்திசையில் நிற்பது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு: அகமதாபாத்திலுள்ள பார்சி வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிராமல் சட்டமன்றத்திடமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எழுதத் தெரியாமல் நம் சட்டங்கள் இதை விட்டுவிடவில்லை. எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும், வீட்டை வாடகைக்குப் பெறுவதில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன.

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு நாங்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியது தெரிந்ததிலிருந்து, வீட்டு உரிமையாளர் எங்களைக் காலி செய்யச் சொல்கிறார். வாடகையை வாங்க மறுக்கிறார். இப்போது மோட்டார் போடுவதையும் நிறுத்திவிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதங்கள் உள்ளன.

பதில்: இங்கே, முதல் பதிலில் சொன்ன தமிழ்நாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் உங்களை வெளியேற்ற வேண்டுமானால், வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், உரிமையாளரின் சொந்தத் தேவை என்று சட்டம் வகுத்த காரணங்களுள் ஒன்றைக் காட்டி அவர் வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற வேண்டும். மதமாற்றம் அந்தக் காரணங்களுள் இல்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது தனியே ஒரு மீறல் என்பதால், உடனே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். மீண்டும் வழங்கும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. எக்காரணம் கொண்டும் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அவர் கையில் வாங்காவிட்டால் மணியார்டரில் அனுப்புங்கள். அதையும் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்திவிடலாம். இல்லாத பாக்கியை உருவாக்கி வழக்குப் போடுவதற்கே பலர் வாடகையை வாங்காமல் தவிர்க்கிறார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். குடும்பத்தோடு ஜெபிப்பது வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது. ஒலிபெருக்கி வைத்து வாரந்தோறும் கூட்டம் நடத்தினால் அப்படி வாதிட அவருக்கு இடம் கிடைக்கும். ஏழு மாதம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் மறுத்தால், அப்போது உங்கள் நிலை பலவீனமாகும். அதற்கும் இப்போதே ஆயத்தமாக இருங்கள்.

கேள்வி: நாங்கள் பட்டியல் சாதியினர். "என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, பிறகு வீடு இல்லை என்கிறார்கள். எங்களுக்கும் வழி இல்லையா?

பதில்: உங்களுக்கு வழி உண்டு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதற்குத் தடையேற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது; ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேரும். தேதி, இடம், பேசிய சொற்கள், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இது சரியா?

பதில்: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை மூன்று மாத வாடகையே உச்ச வரம்பு. ஆகவே கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

கேள்வி: நான் வீட்டு உரிமையாளர். மாடியில் நாங்கள், கீழே குடித்தனக்காரர். என் வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்யக் கூடாதா?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் மதப் பாகுபாட்டைத் தடை செய்தபோதும், உரிமையாளரும் குடியிருக்கும், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத வீட்டுக்கு விலக்களித்தது. ஆனால் அந்த விலக்கைப் பெற்றவரும் இன்ன மதத்தார் வேண்டாம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்றது. இரைச்சல், நேரத்துக்கு வாடகை, வளாகத் தூய்மை ஆகியவற்றை நிபந்தனையாக்குங்கள். அவை ஒருவரின் நடத்தையைப் பற்றியவை, வருகிற எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்துபவை. சைவ உணவு மட்டும் என்பது உண்மையிலேயே உங்கள் நிபந்தனையானால் அதைப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். பெயரைக் கேட்ட பிறகு நினைவுக்கு வருவதாக அது இருக்கக் கூடாது.