வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு எந்தப் பாசன முறை? – கேள்வி பதில்

கேள்வி: பத்துச் சதுர மீட்டரில் தக்காளி, கத்தரி, வெண்டை என 25 செடிகள் வைத்துள்ளேன். சொட்டுநீர், தெளிப்பான், கசிவுக் குழாய் (நீளம் முழுவதும் நீர் கசியும் குழாய்) ஆகியவற்றுள் எது பொருந்தும்?

பதில்: கருவியைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகும். நன்கு வளர்ந்த காய்கறிச் செடிகளுக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேண்டும் என வைத்துக்கொண்டால், உங்கள் தேவை 50 லிட்டர். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானைச் செடிக்கு ஒன்றாகப் பொருத்தினால், ஒரு மணி நேரத்தில் அந்த அளவு கிடைத்துவிடும். நீங்கள் சொன்ன மூன்று பயிர்களும் இடைவெளி விட்டு நடப்படுபவை என்பதால் என் தேர்வு சொட்டுநீரே. தெளிப்பான் இலைகளை நனைத்துத் தக்காளியில் இலைக்கருகல் போன்ற பூஞ்சை நோய்களுக்கு இடங்கொடுப்பதோடு, நடைபாதையிலும் நீரை இறைத்துக் களைகளை வளர்க்கும்.

கேள்வி: மோட்டார் இல்லை, 3 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி மட்டுமே உள்ளது. சொட்டுநீர் அமைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால், சொட்டுவான் உறையில் அச்சிட்டிருக்கும் நீரளவை அப்படியே நம்பக்கூடாது. உயரம் ஒரு மீட்டர் கூடினால் அழுத்தம் 0.1 பார் கூடும். சாதாரணச் சொட்டுவான்களின் அளவோ பெரும்பாலும் 1 பார் அழுத்தத்தை ஒட்டிக் குறிக்கப்படுகிறது. உங்கள் தொட்டி தரும் 0.3 பாரில் அவை ஏறத்தாழப் பாதி நீரையே விடும் என்பதால், நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். அழுத்தத்தைச் சமன்செய்யும் வகைச் சொட்டுவான்கள் விலை கூடியவை என்பதற்காகவே சிறந்தவை என எண்ணி வாங்கிவிடாதீர்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவை ஒழுங்காக இயங்குவதில்லை. குழாயின் தொடக்கத்திலும் கடைசியிலும் உள்ள சொட்டுவான்களின் கீழ் ஆறு நிமிடங்கள் கிண்ணம் வைத்து, சேர்ந்த நீரைப் பத்தால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பின், ஒரே நீண்ட குழாயாக விடாமல் பல குறுகிய கிளைகளாகப் பிரித்து அமையுங்கள்.

கேள்வி: கீரைப் பாத்திக்கும் சொட்டுநீர்தானா?

பதில்: தேவையில்லை. நெருக்கமாகத் தூவப்படும் கீரைக்கு நுண்தெளிப்பானோ பூவாளியோ போதும். இலைகள் பகலில் உலர்ந்துவிடும்படி காலையில் பாய்ச்சுங்கள். வரிசையாக விதைத்த கேரட்டுக்குக் கசிவுக் குழாய் நன்று.

கேள்வி: எங்கள் மணல் மண்ணில் சொட்டுவான்களுக்கு நடுவே மண் காய்ந்தே கிடக்கிறது. நேரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டினால் வேர் எட்டாத ஆழத்துக்கு நீர் இறங்கி வீணாகும். களிமண்ணில் நீர் பக்கவாட்டில் பரவுகிறது. மணலிலோ நேராகக் கீழிறங்குகிறது. எனவே சொட்டுவான் இடைவெளியை 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து, ஒரே தடவையில் விடும் நீரை இரண்டு மூன்று தடவைகளாகப் பிரித்துவிடுங்கள். பாய்ச்சிய ஒரு மணி நேரம் கழித்துச் சிறு குழி தோண்டி ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

கேள்வி: சொட்டுவான்கள் அடிக்கடி அடைத்துக்கொள்கின்றனவே?

பதில்: முதலில் வடிகட்டியைப் பாருங்கள், 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள்), அதாவது ஏறத்தாழ 130 மைக்ரான் துளையளவுடையது வேண்டும். துளையில் வெண்படிவம் தெரிந்தால் அது உப்புநீரின் வேலை. கழற்றக்கூடிய சொட்டுவான்களை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். பச்சையாக வழுவழுப்பது பாசி என்பதால், ஒளி புகாத கறுப்புக் குழாய்க்கு மாறுங்கள். எதுவாயினும், அவ்வப்போது குழாயின் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட வேண்டும்.

கேள்வி: ஒரு வாரம் வெளியூர் செல்கிறோம். டைமரை நம்பலாமா?

பதில்: நம்பலாம், புறப்படுவதற்குச் சில நாள் முன்பே பொருத்தி, அது இயங்குவதைக் கண்ணால் பார்த்திருந்தால். தொட்டி நீரில் இயக்குவதாயின் பந்து வால்வு (துளையுள்ள பந்து சுழன்று நீரைத் திறந்து மூடுவது) கொண்ட டைமரைக் கேட்டு வாங்குங்கள். மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு வகைகளில் பல, குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறந்து மூடுவதில்லை. தொட்டி கொள்ளளவு ஏழு நாள் தேவைக்குப் போதாது எனில், மண்ணின் மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காக இட்டு ஆவியாதலைக் குறையுங்கள். தக்காளிக்கு இது முக்கியம். காய்ந்தும் நனைந்தும் மாறிமாறி இருக்கும் மண்ணில் கால்சியம் ஒழுங்காகக் காய்க்குச் சென்று சேராமல், அடிப்பகுதி கறுத்து அழுகும்.