பலகை ஆய்வகத்தில், நீங்கள் வேறு அறையில்: எஃப்.பி.ஜி.ஏ. நெட்வொர்க் கேபிள் – கேள்வி பதில்

எஃப்.பி.ஜி.ஏ. போன்ற, உள்ளே உள்ள சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய தர்க்கச் சில்லுகளில் வடிவமைப்பை ஏற்ற ஒரு கேபிள் வேண்டும். கணினிக்கும் சில்லு உள்ள மின்சுற்றுப் பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு பெட்டியைத்தான் கேபிள் என்கிறோம். பெரும்பாலோர் கையில் இருப்பது யூ.எஸ்.பி. வகை. அதற்குப் பதிலாக ஈதர்நெட் வகையை எப்படி அமைப்பது என்று சென்ற வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இறுதியாண்டு மாணவர்: அக்கா, யூ.எஸ்.பி. கேபிளே நன்றாக வேலை செய்கிறது. நெட்வொர்க் கேபிளுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

மேசை மேலேயே பலகை இருந்தால் செலவு செய்ய வேண்டாம், தம்பி. யூ.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டர் வரைதான் போகும். ஈதர்நெட் 100 மீட்டர் போகும், ஸ்விட்ச் வைத்தால் அதற்கு மேலும் போகும். பலகை வெப்பச் சோதனை அறைக்குள்ளோ இயந்திரத்தின் வயிற்றிலோ இருந்தால் இந்த வேறுபாடு புரியும்.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மோட்டார் இயக்கும் பலகை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதன் கிரவுண்டு மின்னிணைப்பிலிருந்து பிரிக்கப்படாதது. மடிக்கணினியோ சார்ஜர் வழியாக எர்த்தோடு இணைந்திருந்தது. யூ.எஸ்.பி. கேபிளைச் செருகிய நொடியில், பெட்டியிலிருந்து பலகைக்குப் போகும் பட்டைக் கம்பியான ரிப்பனின் கிரவுண்டு கம்பி மேலிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிச் சுருண்டது. மடிக்கணினியின் அந்த யூ.எஸ்.பி. துளை அதற்குப் பின் வேலை செய்யவே இல்லை. யூ.எஸ்.பி. இரண்டு பக்கத்துக் கிரவுண்டையும் நேராகச் சேர்த்துவிடும். ஈதர்நெட் துளைக்குள் சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 1500 வோல்ட் வரை தாங்கும் பிரிப்பைத் தரம் கோருகிறது. கணினி தப்பிக்கும்.

ஆனால் பெட்டியின் அடாப்டரும் கிரவுண்டைப் பிரிக்கும் வகையாக இருக்க வேண்டும். உலோக உறை போர்த்திய ஈதர்நெட் கம்பியைப் போட்டால் அந்த உறையே இரு பக்கத்தையும் இணைத்துவிடலாம். கணினி தப்பினாலும் பெட்டி பலகையின் மின்னழுத்தத்தில்தான் நிற்கும், அதைத் தொடாதீர்கள். இப்படிப்பட்ட பலகையை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறந்துவைத்து வேலை செய்யவே கூடாது.

கல்லூரி ஆய்வக உதவியாளர்: சில்லு நிறுவனமான ஆல்டெராவின் ஈதர்நெட் பிளாஸ்டர் என்ற நெட்வொர்க் கேபிள் பெட்டி ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. ஆல்டெரா சில்லுகளுக்கான மென்பொருளான குவார்ட்டஸில் அதைக் காணவே முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது, மேடம்?

யூ.எஸ்.பி. கேபிள் செருகியதும் தானாகத் தெரியும். இது அப்படித் தெரியாது, நீங்கள்தான் முகவரி சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பெட்டியை ரவுட்டரில் இணைத்து, அது வாங்கியிருக்கும் ஐ.பி. முகவரியை ரவுட்டரின் பட்டியலில் தேடுங்கள். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் மேக் முகவரியோடு ஒத்துப் பார்த்தால் எது என்று தெரியும். கணினியிலிருந்து பிங் செய்து, பதில் வந்தபின் உலாவியில் அந்த முகவரியைத் திறந்தால் பெட்டியின் அமைப்புப் பக்கம் வரும். அந்த முகவரி இனி மாறாதபடி ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு விடுமுறை முடிந்து வரும்போது முகவரி மாறியிருக்கும், பெட்டி கெட்டுவிட்டதாக நினைப்பீர்கள்.

பிறகு குவார்ட்டஸ் புரோகிராமரில் ஹார்ட்வேர் செட்டப் சாளரத்தைத் திறந்து, ஜேடேக் (சில்லோடு பேசும் கம்பிகளுக்கான பொதுத் தரம்) செட்டிங்ஸ் பக்கத்தில் ஆட் சர்வர் அழுத்தி, முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். சர்வரைச் சேர்ப்பது ஒரு வேலை, கேபிளைத் தேர்வது இன்னொரு வேலை. அதே சாளரத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, பட்டியலில் புதிதாக வந்திருக்கும் கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிங் போகிறது, சர்வர் மட்டும் சேரவில்லை என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். ஆல்டெராவின் ஜேடேக் சர்வர் பேசுவது 1309 என்ற டி.சி.பி. போர்ட்டில். கல்லூரிகளில் வைஃபையும் கம்பி வலையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பது வழக்கம். வைஃபையில் உள்ள மடிக்கணினிக்கு ஆய்வகச் சுவரில் இருக்கும் பெட்டி எட்டாமல் போகலாம்.

அதே உதவியாளர், இரண்டு நாள் கழித்து: சர்வர் சேர்ந்துவிட்டது, கேபிளும் தெரிகிறது. ஆனால் ஆட்டோ டிடெக்ட் அழுத்தினால் சில்லு எதுவும் இல்லை என்கிறது. நெட்வொர்க்கில் இன்னும் கோளாறு இருக்கிறதா?

இல்லை. கேபிள் தெரிந்த நொடியே நெட்வொர்க்கின் வேலை முடிந்துவிட்டது. இனி மீதியிருப்பது ஒரு சாண் ரிப்பன். எனக்கு வரும் பத்துக் கேள்விகளில் ஏழு அந்த ஒரு சாணில்தான் முடிகின்றன. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பத்துப் பின் இணைப்பியில் 1 டி.சி.கே. (கடிகாரம்), 3 டி.டி.ஓ. (சில்லிலிருந்து வரும் தரவு), 5 டி.எம்.எஸ். (நிலையைத் தேர்வது), 9 டி.டி.ஐ. (சில்லுக்குப் போகும் தரவு), 2ம் 10ம் கிரவுண்டு. 4ஆவது பின்னில் பலகையின் மின்னழுத்தம் பெட்டிக்கு வர வேண்டும். அது பலகைக்கு மின்சாரம் கொடுக்கும் பின் என்று நினைப்பது பரவலான தவறு. எந்த மின்னழுத்தத்தில் பேச வேண்டும் என்று பலகைதான் அந்தப் பின் வழியாகப் பெட்டிக்குச் சொல்கிறது. பலகையின் சுவிட்சைப் போடாவிட்டால் பெட்டிக்கு எதுவும் தெரியாது.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 10இல் வைத்து, சிவப்பு முனையை 4இல் வையுங்கள். 3.3 அல்லது 2.5 வோல்ட், பலகைக்கு ஏற்றபடி காட்ட வேண்டும். காட்டினால் ரிப்பனைச் செருகி, மறுமுனையின் 4ஆவது துளையிலும் அளந்து பாருங்கள். இந்த இரண்டாவது அளவீட்டை யாரும் எடுப்பதில்லை. பலகையில் இணைப்பிக்கு வெட்டுக்குறி உள்ள உறை இல்லாமல் வெறும் பின்கள் மட்டும் நின்றால், ரிப்பனைத் தலைகீழாகச் செருகிவிட முடியும். அப்போது பெட்டியின் 4ஆவது பின், எதோடும் இணைக்கப்படாத 7இல் போய் நிற்கும். பலகையில் அளந்தால் மின்னழுத்தம் சரியாக இருக்கும், பெட்டிக்கு மட்டும் வராது. டி.சி.கே. கம்பியும் கிரவுண்டில் போய் முட்டும். ஒருமுறை இதற்காக ஒரு மாலை முழுவதும் ரவுட்டரைத் துருவிக்கொண்டிருந்தேன். ரிப்பன் ஓரத்துச் சிவப்புக் கோடு 1ஆவது பின் பக்கம் இருக்கிறதா என்பதை அன்றிலிருந்து முதலில் பார்க்கிறேன்.

மின்னழுத்தம் சரி, ஆனாலும் சில்லு இல்லை என்றால், அது சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு சில்லும் 32 பிட் அடையாள எண் ஒன்றைத் தரும். அதன் கடைசி பிட் எப்போதும் 1. ஜேடேக் தரமே அதை விதித்திருக்கிறது. வாசித்தது எல்லாமே சுழியம் அல்லது எல்லாமே ஒன்று என்றால் சில்லு பேசவில்லை, டி.டி.ஓ. கம்பி ஒரே நிலையில் சிக்கியிருக்கிறது. பற்றவைப்பு விட்டுப்போயிருக்கலாம், அல்லது பலகையின் சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் ஜேடேக் சங்கிலியை இணைக்கும் ஜம்பர் இடம் மாறியிருக்கலாம்.

தானியங்கி இயந்திர நிறுவனப் பொறியாளர்: வணக்கம். ஐந்து முறை முயன்றால் மூன்று முறை ஏறுகிறது. சில சமயம் அடையாள எண்ணே தவறாக வருகிறது. பழைய ஸ்விட்ச் வழியாகப் போவதால் பிட்டுகள் கெடுகின்றனவா?

வணக்கம். ஸ்விட்ச் மேல் பழி போடாதீர்கள். ஈதர்நெட் பொட்டலம் ஒவ்வொன்றிலும் சரிபார்ப்பு எண் இருக்கிறது, கெட்டதை டி.சி.பி. என்னும் நெறிமுறை திரும்பக் கேட்டு வாங்கும். நெட்வொர்க் மோசமானால் வேலை மெதுவாகும், அல்லது இணைப்பு அறுந்துபோகும். ஆனால் தவறான எண்ணைச் சரியான எண் போலக் கொண்டுவந்து தராது. அப்படி வந்தால், சரிபார்ப்பே இல்லாத இடத்தில் கெட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் வழியில் அப்படிப்பட்ட இடம் பெட்டிக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள ரிப்பன் மட்டும்தான்.

முதலில் டி.சி.கே. வேகத்தைக் குறையுங்கள். உங்கள் கேபிளும் மென்பொருளும் அனுமதித்தால் 1 மெகாஹெர்ட்ஸ் வரை இறக்கிப் பாருங்கள். அங்கே தவறாமல் ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து அது இல்லை. ரிப்பனை நீட்ட நடுவில் ஜம்பர் கம்பிகள் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். டி.சி.கே. கம்பிக்குக் கிரவுண்டை நோக்கி 1 கிலோ ஓம் மின்தடை பலகையில் இருக்கிறதா பாருங்கள். மோட்டார் கம்பிகளை ஒட்டி ரிப்பன் போகிறது என்றால் விலக்குங்கள். நீளத்தை எல்லாம் ஈதர்நெட் பக்கம் தள்ளுங்கள், ரிப்பன் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

தனியாகக் கற்பவர்: பெட்டி வாங்க வசதி இல்லை. என்னிடம் யூ.எஸ்.பி. கேபிள், பழைய மடிக்கணினி, ஒரு ராஸ்பெர்ரி பை இருக்கின்றன. ஏதாவது வழி உண்டா, அக்கா?

உண்டு, இரண்டு வழி உண்டு. பழைய மடிக்கணினியைப் பலகையின் அருகில் வைத்து, யூ.எஸ்.பி. கேபிளை அதில் செருகுங்கள். ஜைலிங்க்ஸ் என்ற நிறுவனத்தின் சில்லு என்றால் ஹார்ட்வேர் சர்வர் நிரலை மட்டும் அதில் நிறுவினால் போதும், அவர்களுடைய வடிவமைப்பு மென்பொருளான விவாடோ முழுவதும் தேவையில்லை. அது 3121 போர்ட்டில் காத்திருக்கும். பதிப்பு உங்கள் விவாடோவுடன் ஒத்திருக்கட்டும். ஆல்டெரா சில்லு என்றால் குவார்ட்டஸின் புரோகிராமர் பகுதியை மட்டும் நிறுவி, ஜேடேக் சர்வரில் தொலை இணைப்பை அனுமதித்துக் கடவுச்சொல் வையுங்கள். விலை கொடுத்து வாங்கும் பெட்டியும் உள்ளே ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது.

இரண்டாவது வழி, ஜைலிங்க்ஸ் வெளியிட்ட எக்ஸ்.வி.சி. என்னும் நெறிமுறை. எனக்கு மிகவும் பிடித்தது இது. மொத்தமே மூன்று கட்டளைகள்தான்: நீ யார் என்று கேட்பது ஒன்று, கடிகாரத்தின் வேகத்தைச் சொல்வது ஒன்று, இந்த பிட்டுகளைத் தள்ளித் திரும்பி வருவதைக் கொடு என்பது ஒன்று. ராஸ்பெர்ரி பையின் நான்கு பின்களில் இதை இயக்கும் திறந்த மூல நிரல்கள் இருக்கின்றன. வழக்கமான போர்ட் 2542. விவாடோ இதைச் சாதாரணக் கேபிளைப் போலவே ஏற்றுக்கொள்ளும்.

கவனம்: ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட், பலகையின் மின்னழுத்தத்தைக் கேட்டறியும் 4ஆவது பின் போன்ற ஏற்பாடு அதில் இல்லை. 1.8 வோல்ட் பலகையோடு நேராக இணைத்தால் சில்லைக் காயப்படுத்துவீர்கள். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை கட்டாயம்.

அதே வாசகர்: ராஸ்பெர்ரி பையில் ஏறுகிறது! வீட்டுக்குள் வேகமாகத்தான் இருக்கிறது. நண்பர் வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக முயன்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இணைய வேகம் இரு பக்கமும் நன்றாகவே இருக்கிறது.

ஏறியதில் மகிழ்ச்சி, தம்பி. தாமதத்துக்குக் காரணம் இணைய வேகம் இல்லை, போய்வரும் நேரம். ஆர்ட்டிக்ஸ் 7 வரிசையின் 35டி சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோப்பு 1,75,36,096 பிட், 2 மெகாபைட்டுக்குச் சற்று மேல். உங்கள் நிரல் ஒரு தடவைக்கு 8192 பிட் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தள்ளலுக்கும் பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். ஆக, சுமார் 2140 முறை போய்வர வேண்டும். வீட்டுக்குள் ஒரு முறைக்கு 1 மில்லி வினாடி என்றால் இரண்டு வினாடி. வெளியிலிருந்து 40 மில்லி வினாடி என்றால் 85 வினாடி. கோப்பு என்னவோ சிறியதுதான்.

தீர்வு எளிது. முன்பு சொன்ன பழைய மடிக்கணினியில் ஹார்ட்வேர் சர்வரை இயக்கி, ராஸ்பெர்ரி பையோடு அது பேசட்டும். நண்பர் வீட்டு விவாடோ அந்த ஹார்ட்வேர் சர்வரோடு பேசட்டும். அடிக்கடி போய்வரும் பேச்சு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

இன்னொரு மாணவர்: விடுதியிலிருந்து ஆய்வகப் பலகையை எட்ட, ரவுட்டரில் எக்ஸ்.வி.சி. போர்ட்டை வெளியே திறந்துவிடலாமா?

கூடவே கூடாது. எக்ஸ்.வி.சி. நெறிமுறையில் கடவுச்சொல்லே கிடையாது. எட்டுகிறவர் யாராக இருந்தாலும் பலகை அவருடையதாகிவிடும். வடிவமைப்பை மாற்றலாம், பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தை அழிக்கலாம், உள்ளே புராசஸர் இருந்தால் அதன் நினைவகத்தையே வாசிக்கலாம். எஸ்.எஸ்.எச். சுரங்கம் (மறையாக்கிய இணைப்பு) போடுங்கள், அல்லது கல்லூரியின் வி.பி.என்.னைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகப் பொறுப்பாளரின் அனுமதியோடு செய்யுங்கள்.

ஒரு ஆசிரியர்: ஆல்டெரா பெட்டியை ஜைலிங்க்ஸ் பலகைக்கும் பயன்படுத்த முடியுமா?

கம்பிகளைப் பொறுத்தவரை இரண்டும் 1990இல் வந்த அதே ஜேடேக் தரம்தான், ஐயா. ஆனால் இணைப்பி வேறு. ஜைலிங்க்ஸின் வழக்கமான இணைப்பிக்கு 14 பின், 2 மில்லிமீட்டர் இடைவெளி. ஆல்டெராவுக்குப் 10 பின், 2.54 மில்லிமீட்டர். மாற்றுப் பலகை செய்துகொண்டாலும் விவாடோ அந்தப் பெட்டியைக் கேபிளாக ஏற்காது. இரண்டு வகைப் பலகையும் வைத்திருக்கும் ஆய்வகம் என்றால் வகைக்கொரு கேபிள் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கல்லூரி ஆய்வக உதவியாளர்: ரிப்பன்தான் தலைகீழாக இருந்தது, மேடம், நன்றி. இன்னொரு சந்தேகம். இரவில் மின்சாரம் போய் வந்தால் ஏற்றிய வடிவமைப்பு காணாமல் போகிறது. ஒவ்வொரு காலையும் மறுபடி ஏற்ற வேண்டுமா?

கண்டுபிடித்துவிட்டீர்கள், மிக்க மகிழ்ச்சி. நீங்கள் ஏற்றுவது சில்லுக்குள் இருக்கும் எஸ்.ரேம் நினைவகத்தில். மின்சாரம் போனால் அது போய்விடும். நிலைக்க வேண்டுமானால் பலகையில் உள்ள ஃபிளாஷில் எழுத வேண்டும். அதே கேபிள் வழியாகவே எழுதலாம், முதலில் பழையதை அழிக்க வேண்டியிருப்பதால் நேரம் அதிகம் பிடிக்கும். மாணவர்கள் நாள்தோறும் மாற்றும் பலகைக்கு ஃபிளாஷ் வேண்டாம், எஸ்.ரேமே போதும்.

ஃபிளாஷில் எழுதும்போது இணைப்பு நடுவில் அறுந்தால் பாதி எழுதிய வடிவமைப்பு நிற்கும். சில்லு கெடாது. ஜேடேக் அப்போதும் வேலை செய்யும் என்பதால் மறுபடி எழுதிவிடலாம். தொலைவிலிருந்து வேலை செய்வதாக இருந்தால் பலகையின் மின்சாரத்தையும் தொலைவிலிருந்தே அணைத்துப் போட ஒரு ரிலே வைத்துவிடுங்கள். அந்த ரிலே பலகைக்கு மட்டும் இருக்கட்டும். பெட்டியையும் ஸ்விட்சையும் தனி இணைப்பில், முடிந்தால் யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் அணைத்தவர் மீண்டும் போட முடியாமல் காலை வரை காத்திருக்க நேரும்.